தக்கைப்பூண்டை விதைத்தால் மட்டும் போதுமா? ஆல்பர்ட் ஹோவார்ட் வாழ்க்கை சொல்லும் பாடம்



பழனி மலைக்கு வடக்கே பாலாறு-பொருந்தலாறு, வரதமாநதி, குதிரையாறு அணைகள் உள்ளன. தெற்கே மஞ்சளாறு, சோத்துப்பாறை அணைகள் உள்ளன. கொடைக்கானல் மலையில் பெய்யும் மழைதான் இந்த அணைகளுக்கெல்லாம் தண்ணீர். அந்தத் தண்ணீரை நம்பி ஆயக்குடி, பாலசமுத்திரம், நெய்க்காரப்பட்டி பக்கமும், தேவதானப்பட்டி, பெரியகுளம் பக்கமும் நீங்கள் நெல் நடுகிறீர்கள். மலைத் தண்ணீர் வயலுக்கு ஈரம் தரும். மண்ணுக்குச் சாப்பாடு போடுவது நம் வேலை.

முன்பு ஆவாரை, கொளுஞ்சி, எருக்கு, புங்கம், வேம்பு ஆகியவற்றின் தழையை வெட்டி வந்து, சேற்றில் மிதித்துவிட்டு நடவு செய்தார்கள். இன்று தழை வெட்ட ஆள் கிடைப்பதில்லை. மாடும் குறைந்துவிட்டது. அதனால் தழையை வயலிலேயே வளர்த்து மடக்கி உழுங்கள் என்கிறோம். தக்கைப்பூண்டு விதைத்தவர்களில் சிலருக்கு நல்ல பலன் கிடைக்கிறது. சிலரோ, விதைக்குப் பணம் போட்டதுதான் மிச்சம், நட்ட பயிர் மஞ்சளித்து நின்றுவிட்டது என்று வருத்தப்படுகிறார்கள். ஒரே விதை, ஒரே வாய்க்கால் தண்ணீர். பலன் மட்டும் ஏன் மாறுகிறது?

நூறு ஆண்டுகளுக்கு முன்பு பீகாரில் ஒரு விஞ்ஞானிக்கும் இதே சிக்கல் வந்தது. இயற்கை வேளாண்மை பற்றிய கூட்டங்களில் நீங்கள் பெயர் கேட்டிருக்கக்கூடிய ஆல்பர்ட் ஹோவார்ட்தான் அவர். அவர் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் நம் வயலின் சிக்கலுக்கும் வழி தெரியும்.

உழவர் வீட்டுப் பிள்ளை

ஹோவார்ட் 1873-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் தேதி இங்கிலாந்தின் ஷ்ரோப்ஷயர் மாவட்டத்தில் பிறந்தார். தந்தை விவசாயி. சிறு வயதிலேயே பண்ணை வேலையைப் பார்த்து வளர்ந்தார். பிறகு லண்டனிலும் கேம்பிரிட்ஜிலும் படித்தார்.

அவர் சிறுவனாக இருந்த காலத்தில்தான் பயறு வகைச் செடிகளின் ரகசியம் வெளிப்பட்டது. அவரை, பயறு, தக்கைப்பூண்டு போன்ற செடிகளின் வேரில் உள்ள முடிச்சுகள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குத் தருகின்றன என்பதை 1886-ஆம் ஆண்டு ஜெர்மனியில் ஹெல்ரீகல் என்ற விஞ்ஞானி அறிவித்தார். முடிச்சுக்குள் இருந்து அந்த வேலையைச் செய்யும் நுண்ணுயிரை 1888-இல் நெதர்லாந்தின் பெய்ஜரிங்க் பிரித்தெடுத்தார். இன்று நாம் ரைசோபியம் என்று பாக்கெட்டில் வாங்குவது அந்த நுண்ணுயிரைத்தான். பயறு அறுத்த நிலத்தில் அடுத்த பயிர் செழிப்பதை உழவர்கள் அதற்கு முன்பே பல தலைமுறைகளாகக் கண்டிருந்தார்கள். காரணம் மட்டும் புதிதாகத் தெரிந்தது.

1899 முதல் 1902 வரை ஹோவார்ட் மேற்கிந்தியத் தீவுகளில் கரும்பு உள்ளிட்ட பயிர்களின் பூசண நோய்களை ஆராய்ந்தார். அங்கே ஒரு சங்கடம் அவரை உறுத்தியது. ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து விவசாயிக்கு ஆலோசனை எழுதுகிறோம், அதைச் சொந்தமாகச் செய்து பார்க்க ஒரு துண்டு நிலம்கூட நம்மிடம் இல்லையே என்பதுதான் அது. தன் கையால் பயிர் செய்து பார்க்காத எதையும் சொல்லக் கூடாது என்ற எண்ணம் அவருக்கு அப்போதே வந்துவிட்டது.

பூசாவில் 19 ஆண்டுகள்

1905-இல் பீகாரில் பூசா என்ற கிராமத்தில் ஆங்கில அரசு பெரிய வேளாண் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. பூசா ரூபி தக்காளி, பூசா ஜ்வாலா மிளகாய் என்று ரகங்களின் பெயரில் நீங்கள் பார்க்கும் பூசா அந்த ஊர்தான். 1934 நிலநடுக்கத்தில் கட்டடங்கள் சேதமான பிறகு நிலையம் டெல்லிக்கு மாறியது. ஊர்ப் பெயரும் கூடவே போனது.

அங்கே பொருளாதாரத் தாவரவியல் வல்லுநராக ஹோவார்ட் வந்து சேர்ந்தார். அதே ஆண்டில் கேப்ரியல் மத்தாயைத் திருமணம் செய்துகொண்டார். கேம்பிரிட்ஜில் தாவரங்களைப் பற்றி ஆராய்ந்து பெயர் பெற்றவர் கேப்ரியல். பின்னர் அவரும் அரசின் இரண்டாம் தாவரவியல் வல்லுநராக நியமிக்கப்பட்டார். கணவன் மனைவி இருவரும் சேர்ந்து உருவாக்கிய பூசா 4, பூசா 12 கோதுமை ரகங்கள் வட இந்தியாவில் பரவலாகப் பயிரிடப்பட்டன.

ஹோவார்டுக்கு 75 ஏக்கர் நிலம் கிடைத்தது. முதல் ஐந்து ஆண்டுகள் அவர் சுற்றுப்புற விவசாயிகளைக் கவனித்தார். அவர்கள் மருந்து அடிக்கவில்லை, கடை உரமும் போடவில்லை. ஆனாலும் பயிர் நோயில்லாமல் நின்றது. கலப்புப் பயிர், பயறு வகையைச் சேர்த்த பயிர் சுழற்சி, சாண எரு ஆகியவற்றால் அவர்கள் மண்ணைக் காத்து வந்ததைப் பார்த்தார். அந்த விவசாயிகளையும் பூச்சி, நோய்களையும் தன் ஆசிரியர்களாக ஏற்றுக்கொண்டார். பூச்சியும் நோயும் வந்தால் மண்ணிலோ வளர்ப்பிலோ குறை இருக்கிறது என்று பார்க்கத் தொடங்கினார். உழவு மாடுகளையும் தன் பொறுப்பில் கேட்டு வாங்கி, தானே தீவனம் வளர்த்துப் போட்டார்.

சணப்பை கற்றுக்கொடுத்தது

இனி நம் விஷயத்துக்கு வருவோம். பூசாவில் புகையிலைக்கு முன்பு சணப்பை விதைத்து மடக்கி உழுதார்கள். கணக்குப்படி பார்த்தால் பலன் நிச்சயம். பயறு வகைச் செடி, வேரில் முடிச்சு, காற்றிலிருந்து தழைச்சத்து, அதை மண்ணில் புதைத்தால் அடுத்த பயிருக்கு உணவு. ஆனால் வயல் அந்தக் கணக்குக்குக் கட்டுப்படவில்லை. ஓரிடத்தில் நல்ல பலன் வந்தது. வேறிடத்தில் பலனே இல்லை.

பசுந்தாள் உரம் பயனற்றது என்று ஹோவார்ட் அதோடு விட்டுவிடவில்லை. மண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தார். மடக்கிய செடி மட்கினால்தான் உரம். மட்க வைப்பவை நுண்ணுயிர்கள். அவற்றுக்கு ஈரம் வேண்டும், காற்று வேண்டும், போதிய நாளும் வேண்டும். மழைநீர் தேங்கி மண் இறுகிய இடத்தில் காற்று போகவில்லை. அங்கே சணப்பை சரியாக மட்கவில்லை. புகையிலை போன்ற மேட்டுப் பயிருக்கு இது பெரிய இடைஞ்சல். எனவே வயல்களுக்கிடையே வடிகால் எடுத்து, தேங்கும் நீரை வெளியேற்றுவதில் கவனம் செலுத்தினார்.

செடியின் வயதும் முக்கியம் என்று அவர் கண்டார். இளஞ்செடி விரைவில் மட்கும், சத்தும் விரைவில் வெளிவரும், ஆனால் மண்ணில் தங்கும் மட்கு குறைவு. முற்றிய செடியில் நார் அதிகம். அதை மட்க வைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கும் தழைச்சத்தையும் தங்களுக்கு எடுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் நட்ட பயிர் பட்டினி கிடக்கும். நம் வயலில் பயிர் மஞ்சளித்து நிற்பதற்கு ஒரு முக்கியக் காரணம் இதுதான்.

உத்தரப் பிரதேசத்தில் ஷாஜகான்பூர் கரும்பு ஆராய்ச்சிப் பண்ணையில் ஜார்ஜ் கிளார்க் என்ற அதிகாரி இதைச் சரியாகச் செய்து காட்டினார். சுமார் இரண்டு மாத வயதுள்ள சணப்பையை மடக்கி உழுதார். அதன் பிறகு மழை போதாவிட்டால் நீர் பாய்ச்சி மட்க வைத்தார். கரும்பு நன்றாக வந்தது. பசுந்தாள் உரத்தின் வெற்றி மடக்கிய பிறகு கிடைக்கும் ஈரத்தில் இருக்கிறது என்பதற்கு ஹோவார்ட் இந்தப் பண்ணையைப் பின்னாளில் எடுத்துக்காட்டாக எழுதினார்.

கோடைக் காலங்களில் அவர் குவெட்டாவில் பழப்பயிர் ஆய்வுகளையும் கவனித்தார். வறண்ட அந்தப் பள்ளத்தாக்கில் ஷஃப்தல் என்ற தீவன வகைப் பயறுச் செடி மாட்டுக்கும் மண்ணுக்கும் ஒருசேர உதவுவதைக் கண்டார். குறைந்த தண்ணீரில் கோதுமை எடுக்கும் முறையையும் அங்கே சோதித்தார்.

இந்தூரும் கம்போஸ்ட் உரமும்

பூசாவில் பூச்சிக்கு ஒரு பிரிவு, நோய்க்கு ஒரு பிரிவு, மண்ணுக்கு ஒரு பிரிவு என்று தனித்தனியே இயங்கியது அவருக்கு ஒத்துவரவில்லை. வயலில் இவை எல்லாம் ஒன்றாகத்தானே இருக்கின்றன? 1924-இல் மத்தியப் பிரதேசத்தின் இந்தூருக்குப் போனார். பருத்தி ஆராய்ச்சிக்காக அமைந்த அந்த நிறுவனத்துக்குச் சுமார் 300 ஏக்கர் நிலம் கிடைத்தது. அங்கே மண், பயிர், மாடு ஆகிய மூன்றையும் சேர்த்தே நடத்தினார்.

இந்தூர் கம்போஸ்ட் முறை பிறந்தது இங்கேதான். பசுந்தாள் செடி வயலில் மட்கும்போது மழையும் காற்றும் நம் கையில் இல்லை. பயிர்க் கழிவு, களை, சாணம், மாட்டு மூத்திரம் ஊறிய மண், சாம்பல் ஆகியவற்றை அடுக்கி, ஈரம் கொடுத்து, மூன்று முறை புரட்டினால் மூன்று மாதத்தில் நல்ல உரம் தயார். சீனாவில் நெல் விவசாயிகள் பசுந்தாள் செடியை வாய்க்கால் சேற்றோடு அடுக்கி மட்க வைப்பதை அமெரிக்கரான கிங் 1911-இல் வெளிவந்த நூலில் விவரித்திருந்தார். அந்த நூலும் ஹோவார்டுக்கு வழிகாட்டியது. யஷ்வந்த் வாட் என்ற இந்திய வேதியியலாளர் அவருடன் உழைத்தார். 1931-இல் வெளிவந்த கம்போஸ்ட் நூலை இருவரும் சேர்ந்தே எழுதினார்கள்.

அந்த நூல் வருவதற்கு முன்பே, 1930-இல் கேப்ரியல் இறந்துவிட்டார். இருபத்தைந்து ஆண்டுகள் எல்லா ஆய்விலும் பங்கெடுத்தவர் அவர். 1931-இல் ஹோவார்ட் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். கேப்ரியலின் தங்கை லூயிஸ் பின்னர் அவருக்கு மனைவியானார். அவருடைய எழுத்துப் பணிக்கும் துணையாக இருந்தார். 1934-இல் அரசு சர் பட்டம் கொடுத்தது. 1937-38-இல் மீண்டும் வந்து இந்தியா, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்தார். 1940-இல் தன் வாழ்நாள் அனுபவத்தைப் பெரிய நூலாக வெளியிட்டார். இந்தியா விடுதலை அடைந்த 1947-ஆம் ஆண்டில், அக்டோபர் 20-ஆம் தேதி காலமானார்.

அவர் சொன்ன எல்லாவற்றையும் இன்றைய ஆராய்ச்சி அப்படியே ஏற்கவில்லை. மண் நன்றாக இருந்தால் பூச்சி, நோய் அநேகமாக வராது என்று அவர் நம்பினார். நம் வயலில் புகையானும் குலைநோயும் வளமான பயிரையும் தாக்குகின்றன. தழைச்சத்து மிஞ்சினால் இன்னும் அதிகமாகத் தாக்கும். ரசாயன உரமே கூடாது என்றார். நாங்கள் மண் பரிசோதனை செய்து, இயற்கை உரத்தையும் தேவையான அளவு மற்ற உரத்தையும் சேர்த்துக் கொடுங்கள் என்கிறோம். ஆனால் பசுந்தாள் உரம் பற்றி அவர் கண்டது இன்றும் செல்லும். விதைப்பது பாதி வேலைதான். சரியான வயதில் மடக்கி, சரியாக மட்க வைப்பது மீதிப் பாதி.

நம் நெல் வயலில் எப்படிச் செய்வது?

சணப்பைக்கு ஹோவார்ட் கேட்டது ஈரமும் காற்றும். நெல் வயலில் நாம் நீர் தேக்குகிறோம், காற்று குறைவு. ஆனாலும் தக்கைப்பூண்டு போன்ற இளஞ்செடி சேற்றுக்குள்ளும் விரைவாக மட்கும். வெளிவரும் தழைச்சத்து அம்மோனியா வடிவில் சேற்றில் தங்கும். நெல்லுக்கு அதுவே பிடித்த வடிவம். மடக்கிய பிறகு வயலை அடிக்கடி காயவிட்டு மறுபடி நீர் கட்டினால் அந்தச் சத்து வடிவம் மாறி, காற்றில் கலந்து வீணாகும்.

1. நாளைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். புரட்டாசி 14 வாக்கில் நடவு என்று வைத்துக்கொள்வோம். மடக்கி உழுத பின் 7 முதல் 10 நாள் மட்க வேண்டும். எனவே புரட்டாசி 4-இல் மடக்க வேண்டும். அன்று செடிக்கு 45 முதல் 50 நாள் வயதாக, ஆடி 15-க்கு மேல் ஆடி 21-க்குள் விதைக்க வேண்டும். 25 நாள் நாற்றுக்கு ஆவணி 20-இல் நாற்றங்கால் விட வேண்டும். அணை திறக்கும் தேதி தெரியும் முன்பே, கோடை மழை அல்லது ஆடி மழை ஈரத்தில் விதைத்துவிட்டால்தான் இந்தக் கணக்கு நிற்கும். தண்ணீர் வந்த பிறகு விதைக்க நினைத்தால், முற்றாத செடியையோ நாள் கடந்த நாற்றையோ பார்க்க வேண்டி வரும்.

2. நிலத்துக்கு ஏற்ற செடியைத் தேர்ந்தெடுங்கள். களிமண், நீர் தேங்கும் நிலம், களர் நிலம் ஆகியவற்றுக்குத் தக்கைப்பூண்டு. வடிகால் உள்ள நிலத்துக்குச் சணப்பை. இது நீர் தேங்கினால் தாங்காது. வறட்சியான இடத்துக்குக் கொளுஞ்சி. இதன் விதைத்தோல் கடினமானது. மணலோடு சேர்த்துத் தேய்த்து விதைத்தால் முளைப்பு கூடும். நெல் தரிசில் நரிப்பயறு போட்டால் மாட்டுக்கும் ஒரு முறை அறுத்துக்கொள்ளலாம்.

3. அடர்த்தியாக விதையுங்கள். தக்கைப்பூண்டு ஏக்கருக்கு 20 கிலோ. விதையைக் குறைத்தால் செடி தடித்துக் கட்டையாகும், மட்கத் தாமதமாகும். ஏக்கர் விதைக்கு இரண்டு பாக்கெட் ரைசோபியத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து நிழலில் உலர்த்தி விதைக்கவும். ஒரு மாதத்தில் சில செடிகளைப் பிடுங்கி வேர் முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது வேலை செய்கிறது.

4. பூக்கத் தொடங்கியதும் மடக்கவும். 45 முதல் 60 நாளுக்குள் இந்தப் பருவம் வரும். விரலால் ஒடித்தால் தண்டு ஒடிய வேண்டும். அரிவாள் தேடும் அளவுக்கு முற்றிவிட்டால், மடக்கிய பின் இரண்டு வாரமாவது விட்டு நடவும்.

5. எடையைக் கணக்கிடுங்கள். மடக்கும் முன் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் இடத்தில் செடியை அறுத்து எடை போடுங்கள். 1.5 கிலோ இருந்தால் ஏக்கருக்குச் சுமார் 6 டன். ஈரம் போகச் சுமார் 1.2 டன் காய்ந்த தழை. அதில் தழைச்சத்து 2.5 சதவீதம் என்று வைத்தால் 30 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் இருப்பது சுமார் 20 கிலோ தழைச்சத்து. ஒன்றரை மூட்டை யூரியாவின் தழைச்சத்து உங்கள் மண்ணிலேயே விளைந்திருக்கிறது. அத்தனையும் இந்தப் போகத்துக்கே கிடைத்துவிடாது. ஆகவே அடியுர யூரியாவைக் குறைத்து, மேலுரத்தை இலை வண்ண அட்டை பார்த்துப் போடுங்கள்.

6. வயலை முகர்ந்து பாருங்கள். நட்ட பின் சேற்றிலிருந்து அழுகிய முட்டை வாடை வந்து, நாற்றின் வேர் கறுத்திருந்தால், ஹோவார்ட் சொன்ன காற்று அங்கே அளவுக்கு மீறிக் குறைந்துவிட்டது என்று பொருள். நீரை வடித்து, மண்ணில் மயிரிழை வெடிப்பு தெரியும்வரை காயவிட்டு, மறுபடி நீர் கட்டவும். வெள்ளை வேர் விடும். அதைப் பார்க்காமல் யூரியா போட்டால் பணம்தான் போகும்.

7. வயலில் வளர்க்க நாள் இல்லாவிட்டால், வரப்பிலும் வேலியிலும் கிளைரிசிடியா, அகத்தி நட்டு வையுங்கள். அவற்றின் இளந்தழையை ஏக்கருக்கு இரண்டரை டன் வரை வெட்டிப் போடலாம். மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர் பக்கம் பட்டாணி, பீன்ஸ் போடும் விவசாயிகள், காய் பறித்த கொடியை எரிக்காமல் மண்ணுக்கே கொடுங்கள் அல்லது இந்தூர் முறையில் அடுக்குங்கள். சரிவு நிலத்தில் மேல்மண் போனால் திரும்பி வராது.

முதல் போகத்திலேயே வயல் முழுவதும் செய்து பார்க்க வேண்டாம். ஒரே வயலில் பாதியில் தக்கைப்பூண்டு போடுங்கள், பாதியை வழக்கம்போல் விடுங்கள். விதைத்த நாள், மடக்கிய நாள், நட்ட நாள், யூரியா அளவு, கண்டுமுதல் ஆகிய ஐந்தையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். தன் நிலத்தில் செய்து பார்த்ததை மட்டுமே சொல்வேன் என்று ஹோவார்ட் பிடிவாதமாக இருந்தார். உங்கள் நோட்டில் உள்ள கணக்கும் அப்படிப்பட்டதுதான்.

விதை கிடைக்குமிடம், மண் பரிசோதனை பற்றி அறிய உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தை அணுகவும். தக்கைப்பூண்டு விதைக்கு ஆடியில் அலைய வேண்டாம், சித்திரையிலேயே கேட்டு வையுங்கள்.